நெருஞ்சியில் வாழும் நீலச் சிற்றுயிர்

 

ஜீவதயை என்னும் சொல்லைக் கேட்டவுடன் பலருடைய மனக்கண்ணில் தோன்றுபவை பசுவும் ஆடும் புறாவுமே ஆகும். பெரிய உயிர்களின்மேல் இரக்கம் எளிதில் பிறக்கிறது. அவற்றின் வலியைக் குரல் சொல்லிவிடும். பசியைக் கண் சொல்லிவிடும். குரலற்று, காலடியிலேயே பிறந்து, காலடியிலேயே மடியும் உயிர்களின் நிலை வேறு. அவற்றின்மேல் இரக்கம் பிறக்க வேண்டுமானால், அவை இருக்கின்றன என்பதை முதலில் அறிய வேண்டும். எதை உண்டு, எங்கே முட்டையிட்டு, எதனால் அழிகின்றன என்பதையும் அறிய வேண்டும். முதலில் அறிவு, அதன் பின்னரே அருள் என்பது சமண மரபு தொன்றுதொட்டு வகுத்த வரிசை. அவ்வரிசையின் உண்மையை உணர்த்த வல்ல ஒரு சிற்றுயிர், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வறண்ட புல்தரைகளில் வாழ்கிறது. கட்டைவிரல் நகத்தளவே உள்ள நீல வண்ணத்துப்பூச்சி அது. அதனைப் பற்றியதே இவ்வுரை.

முதலில் அது வாழும் நிலத்தைக் காண்போர்க்கு அதன் வாழ்வு விளங்கும். பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985ஆம் ஆண்டில் பிரிந்தது விருதுநகர் மாவட்டம். அதன் மேற்கு எல்லையில் திருவில்லிபுத்தூர் மலைத்தொடரும் காடும் உள்ளன. கிழக்கே வரவர மலை மறைந்து, மண் கறுத்து, நிலம் வானம் பார்த்த பூமியாகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றுத் தருவதே. குண்டாறு மழைக்காலத்தில் சில நாள் ஓடி, எஞ்சிய நாளெல்லாம் மணலாகக் கிடக்கும். கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். மற்றைப் புன்செய்யில் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் விளையும். வயலுக்கும் வயலுக்கும் இடையே வரப்பு; ஊருக்கும் கண்மாய்க்கும் இடையே மந்தைவெளி; சாலைக்கும் வேலிக்கும் இடையே இரண்டு முழத் தரை. இவற்றில் பயிரும் இல்லை, நிழல் மரமும் இல்லை. குட்டைப் புல்லும் தரையோடு படரும் பூண்டுகளுமே உண்டு. யாரும் விரும்பிப் பாராத இத்தரையே அப்பூச்சியின் நாடு.

அதனைக் கரும்புல்நீலன் எனலாம். இறகு விரித்தால் ஒரு நுனி முதல் மறு நுனி வரை 18 முதல் 24 மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஆண்பூச்சியின் மேற்புறம் கருமை கலந்த ஊதாநீலம். ஓரங்களில் அகன்ற கருங்கரை. பெண்பூச்சி பழுப்பு நிறத்தது; இறகின் அடியில் மட்டும் சிறிது நீலம் படிந்திருக்கும். இறகை மூடி அமர்ந்துவிட்டால் நீலம் முழுதும் மறைந்து, சாம்பல் படிந்த பழுப்பில் கரும்புள்ளிகள் மட்டுமே தெரியும். அப்போது அது காய்ந்த இலைத்துணுக்குப் போலவே தோன்றும். அது உயரப் பறப்பதில்லை. முழங்காலுக்கும் கீழேயே பறக்கும். இரண்டடி பறந்து அமரும். மீண்டும் எழுந்து ஓரடி பறக்கும். நடப்போர் பலர் அதனைத் தம் காலடியிலிருந்து எழுந்த தூசு என்றே எண்ணிக் கடந்துவிடுவர்.

1865ஆம் ஆண்டில் பிரெடரிக் மூர் என்னும் ஆங்கில அறிஞர் இதனைத் தனி இனமாக விவரித்துக் கர்சாந்திரா என்று பெயரிட்டார். இன்று அறிவியல் உலகில் இதன் முழுப்பெயர் சிசீரியா கர்சாந்திரா. இத்துணைச் சிறிய பூச்சியின் உலகம் மிகப் பெரியது. மத்தியதரைக் கடலின் தென்கரையிலும் வட ஆப்பிரிக்காவிலும் தொடங்கி, மேற்கு ஆசியா, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியா வரை இது பரவியுள்ளது. ஆதலால் இது அருகிவிட்ட இனம் அன்று. அழிவின் விளிம்பில் நிற்பதும் அன்று. அரிய உயிரைக் காக்கச் சட்டமும் செல்வமும் துணைவரும். எங்கும் காணப்படும் எளிய உயிரைக் காப்பதற்கு மனிதரின் பழக்கம் ஒன்றே துணை. அக்காரணத்தாலேயே இவ்வுயிர் இங்கு எடுத்துப் பேசத் தக்கதாகிறது.

எங்கும் இருப்பது என்றும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரையொட்டிய மணல்மேடுகளில் செர்சிஸ் நீலன் என்றொரு சிறு வண்ணத்துப்பூச்சி வாழ்ந்தது. நகரம் வளர்ந்தது, மணல்மேடுகள் மனைகளாயின. அதன் புழு உண்ட செடிகள் மறைந்தன. 1940களின் தொடக்கத்திற்குப் பின்னர் அப்பூச்சியை எவரும் கண்டிலர். அதனைக் கொல்ல வேண்டும் என்று ஒருவரும் எண்ணவில்லை. அதன் செடி இன்னதென்று வீடு கட்டியவர்கள் எண்ணிப் பார்க்காததே அதன் முடிவுக்குப் போதுமானதாயிற்று.

வண்ணத்துப்பூச்சியின் வாழ்வில் செடி என்பது அத்துணை இன்றியமையாதது. வளர்ந்த பூச்சி பல பூக்களில் தேன் அருந்தும். அதன் புழுவோ குறிப்பிட்ட சில செடிகளின் இலையை மட்டுமே உண்ணும். வேறு இலை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் பட்டினி கிடந்து மடியும். புல்தரை நீலன்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செடி உண்டு. வெளிர்நிறப் புல்நீலனின் புழு புளியாரையை உண்கிறது. மற்றொரு சிறு புல்நீலன் அவுரி இனத்தைச் சேர்ந்த படர்செடிகளை உண்கிறது. இந்தியாவின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்றான புல்மணி என்பதும் அவுரி வகைச் செடிகளையே நாடும். கரும்புல்நீலனுக்கு உரியவை நெருஞ்சியும், குப்பைக்கீரை முதலிய கீரையினங்களும் ஆகும்.

நெருஞ்சியை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். அறிமுகம் பெரும்பாலும் பாதத்தின் வழியாகவே நேர்ந்திருக்கும். மழை பெய்த சில நாளில் முளைத்து, தரையோடு தரையாய் நாற்புறமும் கொடி விட்டு, காலையில் ஐந்து இதழ் கொண்ட மஞ்சள் பூக்களை விரிக்கும். பின்னர்க் காய் முற்றி ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் வலிய முள் இருக்கும். காலிலும், கால்நடையின் குளம்பிலும், மிதிவண்டிச் சக்கரத்திலும் தைத்து ஊர் ஊராகப் பரவுவது அதன் இயல்பு. முதலில் பூவாக இனிமை காட்டிப் பின்னர் முள்ளாகத் துன்புறுத்தும் நெருஞ்சியை, மாறிப்போன அன்புக்கு உவமையாக்கியுள்ளது குறுந்தொகை. நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் முள்ளுக்கு நீரடைப்பைத் தீர்க்கும் மருந்து என்னும் மதிப்பு உண்டு. மற்றையோர்க்கு அது களை, கரும்புல்நீலனுக்கோ தாய்மடி.

பெண்பூச்சி முட்டையிடும் முறை வியக்கத்தக்கது. தாழப் பறந்து ஒவ்வோர் இலையாக அமர்ந்து முன்காலால் தட்டிப் பார்க்கும். வண்ணத்துப்பூச்சிகளுக்குச் சுவை உணரும் உறுப்புகள் காலிலும் உண்டு. இது நெருஞ்சியே என்று கால் சொன்ன பின்னரே முட்டை இடும். முட்டைகளைக் குவியலாக இடுவதில்லை. ஓரிடத்தில் ஒன்றாகவே இடும். வட்டத்தட்டுப் போன்ற அந்த வெளிறிய முட்டை கடுகினும் சிறியது. சில நாளில் புழு வெளிவரும். இளம்புழு இலையை முழுதும் தின்பதில்லை. அடிப்புறத்தைச் சுரண்டி உண்டு, மேல்தோலைக் கண்ணாடி போல் விட்டுவைக்கும். இலையில் காணும் வெண்பொட்டுகளே அது அங்கிருப்பதற்கு அடையாளம். வளர்ந்த புழு பச்சை நிறத்தில், தட்டையாக, இலையோடு இலையாய் ஒட்டிக் கிடக்கும். பின்னர்ச் செடியிலோ தரைச்சருகிலோ கூட்டுப்புழுவாகி, இறகு பெற்று எழும். வெப்பமான இந்நாட்டில் முட்டை முதல் இறகு வரை ஏறத்தாழ ஒரு மாதமே. இறகு பெற்ற பின்னர் வாழ்வது சில நாளே. ஆதலால் ஒரு தரையில் நெருஞ்சி ஒரு மாதம் முற்றிலும் இல்லாது போனாலும், அத்தரையில் ஒரு தலைமுறையே இல்லாது போகும்.

புழுவின் வாழ்வில் எறும்புக்கும் பங்கு உண்டு. நீலன் குடும்பத்துப் புழுக்கள் பலவற்றின் முதுகில், பின்பகுதியில், இனிய நீர் சுரக்கும் சிறு உறுப்பு ஒன்று அமைந்துள்ளது. அந்நீரை நாடி எறும்புகள் புழுவைச் சூழும். எறும்பு மொய்த்திருக்கும் புழுவை ஒட்டுண்ணிக் குளவிகள் எளிதில் நெருங்குவதில்லை. ஒன்று உணவு தருகிறது. மற்றொன்று காவல் தருகிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் அமைதலே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் கூறும் கருத்துக்கு உரை எழுதுவோர், நெருஞ்சி இலையின் அடியையும் ஒருமுறை பார்த்தல் நன்று.

சமண நூல்கள் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் பகுக்கின்றன. வண்டும் ஈயும் வண்ணத்துப்பூச்சியும் தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் என்னும் நான்கு பொறி உடைய உயிர்களாகும். தொல்காப்பிய மரபியலும் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களாக வைக்கிறது. காலால் சுவைத்து, உணர்கொம்பால் மணம் அறிந்து, கூட்டுக்கண்ணால் நிறம் கண்டு, தன் குஞ்சுக்கு உரிய செடியைப் பல்லாயிரம் செடிகளுக்கிடையே தேர்ந்தெடுக்கும் இச்சிறு பூச்சி, நான்கு பொறியைக் கொண்டே எத்துணை நுட்பமான வாழ்வை நடத்துகிறது என்பது சிந்திக்கத்தக்கது. ஆயின், அதன் செடியைப் பிடுங்க வரும் கையைத் தடுக்க அந்நான்கு பொறியும் உதவா. அங்கே உதவ வேண்டியது மனிதனுடைய ஆறாம் அறிவு.

இவ்வறண்ட நாட்டுக்கும் சமண அறத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரிய சமணப்பள்ளி விளங்கிற்று. கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு அளவில் மதுரைச் சமணர்மலையில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், அப்பள்ளியைச் சேர்ந்த துறவியரையும் மாணாக்கரையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. குறண்டிக்கும் சமணர்மலைக்கும் இடையே வண்டியும் செருப்பும் இன்றி வெறுங்காலால் நடந்தவர்கள் அவர்கள். நடக்கையில் நான்கு முழத் தொலைவு தரையை நோக்கி, உயிர் எதுவும் மிதிபடாமல் அடி எடுத்து வைத்தல் துறவியர் ஒழுக்கம்; அதற்கு ஈர்யா சமிதி என்று பெயர். அவ்வாறு தரையை நோக்கி நடந்தவர்கள், தங்கள் பாதத்தில் தைத்த நெருஞ்சியையும் அதன்மேல் எழுந்து அமர்ந்த நீலப் பூச்சியையும் கண்டிருக்கக்கூடும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. இன்றும் துறவியர் வெறுங்காலால் விகாரம் செல்கின்றனர். அவர்கள் வரும் பாதையில் முள் இருத்தல் ஆகாது என்று இல்லறத்தார் எண்ணுவது பக்தியின் இயல்பு. கோயில் முற்றத்தில் குழந்தைகளும் முதியோரும் நடமாடுவர். அங்கும் நெருஞ்சி ஆகாது. ஆதலால் விழாவுக்கு முன்னர்ப் பாதையையும் முற்றத்தையும் தூய்மை செய்கின்றனர். மண்வெட்டி கொண்டு செய்த காலத்தில் பாதையளவே தூய்மையாயிற்று. இன்று களைக்கொல்லி கடையில் கிடைக்கிறது. ஒருவர் தோளில் தெளிப்பானை மாட்டிக்கொண்டால் அரை நாளில் பல ஏக்கர் கருகிவிடும். முட்டையும் புழுவும் இருந்த செடி வாடிச் சருகாகிறது. தப்பிய புழுவும் உணவின்றி மடிகிறது. துறவியின் பாதத்தைக் காக்க எண்ணிய கையே, அத்துறவி எவ்வுயிர்க்காகத் தரை நோக்கி நடக்கிறாரோ அவ்வுயிரை அழித்துவிடுகிறது. எண்ணம் தூயது, விளைவு கொடியது. இடையே இல்லாது போனது அறிவு ஒன்றே.

காலத்தையும் கருத வேண்டும். மழைக்காலத்தில் புல்லும் பூண்டும் முளைத்துச் சிற்றுயிர்கள் பெருகும் என்பதனாலேயே, துறவியர் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாச நோன்பு வகுக்கப்பட்டது. ஆடி தொடங்கி ஐப்பசி, கார்த்திகை வரை அது நீளும். வடநாட்டில் அப்போது மழை ஓய்ந்துவிடும். இக்கரிசல் நாட்டிலோ, சாதுர்மாசம் நிறைவுறும் நாள்களிலேதான் மழை வலுக்கிறது. தரை பசுமை கொள்வதும், நெருஞ்சி தழைப்பதும், நீலன்கள் பெருகுவதும் அதன் பின்னரே. எனவே துறவியர் மீண்டும் நடக்கத் தொடங்கும் காலமும், பாதை தூய்மை செய்யப்படும் காலமும், சிற்றுயிர் மிகுந்த காலமும் இங்கு ஒன்றாகவே அமைகின்றன. நோன்பின் சொல்லைக் காத்தால் மட்டும் போதாது. அதன் உட்பொருளை இந்நாட்டு மழையோடு பொருத்திப் பார்க்கும் கடமை இவ்வட்டாரத்தார்க்கு உண்டு.

களைக்கொல்லியொடு வேறு சில இடர்களும் இப்பூச்சியைச் சூழ்ந்துள்ளன. அவற்றுள் முதலாவது ஒரு சொல். தரிசு என்பதே அது. பயிரும் மரமும் இல்லாத நிலத்தைப் பயனற்ற நிலம் என்று எழுதிவிடும் வழக்கம் ஆங்கிலேயர் கால வருவாய்க் கணக்கிலிருந்து தொடர்கிறது. நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புல்வெளியும் குறுங்காடும் இடம்பெற்றுள்ளன. இதே மாவட்டத்தின் மேற்கே உள்ள காடு, 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. 2019ஆம் ஆண்டில், மலைக்காட்டில் வாழும் தமிழ் மறவன் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. அவை போற்றத்தக்க செயல்கள். கிழக்கே உள்ள மந்தைவெளிக்கோ அத்தகைய பெயரும் இல்லை, காவலும் இல்லை. பயனற்றது என்று எழுதப்பட்ட நிலத்தில் எதைக் கட்டினாலும், எதை நட்டாலும், அது நன்மையாகவே கணக்கிடப்படுகிறது. திருச்சுழிக்கு அடுத்த கமுதியில் 2016ஆம் ஆண்டில் 648 மெகாவாட் திறனுள்ள கதிரொளி மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. மின்சாரம் வேண்டுவதே. ஆயினும் அத்தகைய நிலத்தில் முன்பே குடியிருந்தோர் யார் என்ற கேள்வியும் வேண்டுவதே.

இரண்டாவது இடர் சீமைக்கருவேலம். விறகுக்காகப் பரப்பப்பட்ட அவ்வயல்நாட்டு மரம், இன்று கண்மாய் உள்வாயையும் மந்தைவெளியையும் மூடிவிட்டது. அதன் நிழலில் குட்டைப் புல்லும் நெருஞ்சியும் தழைப்பதில்லை. வெயில் விரும்பும் பூச்சிக்கு அங்கே இடமில்லை. மூன்றாவது இடர் தீ. கோடையில் காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால் இடம் தூய்மையாகத் தோன்றும். சருகில் ஒட்டியிருந்த கூட்டுப்புழுக்கள் சாம்பலாகும்.

இவற்றைக் கேட்ட ஒருவர், அந்நிலத்தைச் சுற்றி வேலியிட்டு எவரும் புகாமல் அடைத்துவிட்டால் பூச்சி பிழைத்துவிடும் அன்றோ என்று எண்ணக்கூடும். அதுவும் அறிவு முந்தாத அருளே என்பதற்கு இங்கிலாந்து நாட்டில் நடந்த செய்தி ஒன்று சான்று. அங்கே பெருநீலன் என்னும் வண்ணத்துப்பூச்சி உண்டு. சேகரிப்போர் பிடித்துச் செல்வதாலேயே அது குறைகிறது என்று கருதி, அது வாழ்ந்த இடத்தை வேலியிட்டுக் காத்தனர். வேலி மனிதரை மட்டுமன்றி, மேயும் கால்நடையையும் தடுத்தது. 1950களில் நோய் ஒன்று பரவி முயல்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மேய்வார் இன்றிப் புல் உயர்ந்தது. 1979ஆம் ஆண்டில் பெருநீலன் அந்நாட்டில் முற்றிலும் அற்றுப்போயிற்று. ஜெரமி தாமஸ் என்னும் ஆய்வாளர் பல ஆண்டு உழைத்து அதன் காரணத்தை வெளிப்படுத்தினார். அப்பூச்சியின் புழு ஒருவகைச் செவ்வெறும்பின் புற்றினுள் சென்று வளர்வது. அவ்வெறும்பு வாழ வெயில் படும் சூடான மண் வேண்டும். அம்மண் சூடாக இருக்கப் புல் குட்டையாக இருக்க வேண்டும். புல் குட்டையாக இருக்க ஆடுமாடு மேய வேண்டும். புல் சில விரற்கடை உயர்ந்ததும் மண் குளிர்ந்தது, எறும்பு மறைந்தது, பூச்சியும் மறைந்தது. உண்மை தெரிந்த பின்னர் மேய்ச்சலை மீண்டும் ஏற்படுத்தி, 1983ஆம் ஆண்டு முதல் சுவீடனிலிருந்து பூச்சிகளைக் கொணர்ந்து விட்டனர். இன்று அந்நாட்டின் சில புல்வெளிகளில் பெருநீலன் மீண்டும் பறக்கிறது. அன்பு வேலியிட்டது, அறிவு வேலியைத் திறந்தது.

கரும்புல்நீலனும் குட்டைப் புல்லின் பூச்சியே. ஆடு மேய்ந்து, மாடு நடந்து, வெயில் தரை வரை படும் மந்தைவெளியே அதற்கு உகந்தது. மேய்ப்பவரை விரட்டிவிட்டு மரம் நட்டு நிரப்பினால், நல்ல செயல் செய்தோம் என்னும் மனநிறைவு எஞ்சும், பூச்சி எஞ்சாது. மரம் நடுதல் அறமே. எங்கே நடுவது என்று அறிந்து நடுதல் அதனினும் பெரிய அறம். கோசாலை நடத்தும் அறக்கட்டளைகள், பசுக்களைச் சில வேளை திறந்த தரையில் மேய விடுவதாலேயே இச்சிற்றுயிர்களுக்கும் உதவி செய்தவர்களாவர்.

கீரை பயிரிடும் உழவர் ஒருவர், இப்புழு கீரையையும் தின்கிறதே என்று கேட்டால் அக்கேள்வி நியாயமானது. வரப்பிலும் குப்பைமேட்டிலும் தானாய் முளைத்த கீரையும் நெருஞ்சியும் இருந்தால், பூச்சியின் பெரும்பகுதி அங்கேயே முட்டையிட்டு அமையும். வரப்பைச் சுட்டெரித்துவிட்டால் எஞ்சிய ஒரே பசுமையான பாத்தியைத்தான் அது நாடும். வரப்பில் ஒரு பங்கை விட்டுவைத்தல் உழவர்க்கும் இழப்பன்று.

செய்யத்தக்கவை பெருஞ்செலவு உடையன அல்ல. பாதையையும் முற்றத்தையும் தூய்மை செய்வோர், நடக்கும் அகலத்துக்கு மட்டும் கையால் களைந்து, இரு ஓரங்களையும் விட்டுவைக்கலாம். முள் என்பது முற்றிய காயிலிருந்து உதிர்வதே. ஆதலால் காய் முற்றுமுன் பாதையிலுள்ள கொடியை எடுத்துவிடுதலும், உதிர்ந்த முள்ளை மென்மையான விளக்குமாற்றால் பெருக்கி ஒதுக்குதலும் போதும். துறவியர் கையிலுள்ள மயிற்பீலியும் அதே பாடத்தையே கற்பிக்கிறது; அது அழிப்பதற்கன்று, ஒதுக்குவதற்கே உரியது. களைந்த கொடியைக் கொளுத்தாமல், அருகிலுள்ள நெருஞ்சியின் பக்கத்தில் இட்டால் அதிலுள்ள புழு ஊர்ந்து சென்று பிழைக்க வழியுண்டு. அறக்கட்டளை நிலங்களில் களைக்கொல்லி தெளிப்பதில்லை என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். மிகுதியாக விற்கப்படும் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியின் பயன்பாட்டுக்கு, மனிதர்க்கும் விலங்குகளுக்கும் தீங்கு நேரக்கூடும் என்று கருதி 2022ஆம் ஆண்டு அக்டோபரில் நடுவண் அரசே கட்டுப்பாடு விதித்தது என்பதும் நினைவில் இருத்தற்குரியது.

இளைஞர்க்கும் சிறார்க்கும் உரிய பணி ஒன்றும் உண்டு. 2020ஆம் ஆண்டு முதல், ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் இந்தியா முழுவதும் வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டு பதிவு செய்யும் பெருமுயற்சி நடைபெற்று வருகிறது. பர்யூஷணமும் தசலட்சணப் பர்வமும் வருவது அக்காலத்தை ஒட்டியே. நோன்பு நாளில் காலை வேளையில் ஒரு நாழிகை, ஊர்ப்புறத் தரையில் மெல்ல நடந்து, பிடிக்காமல், தொடாமல், எத்தனை நீலன்கள் எந்தச் செடியில் அமர்ந்தன என்று குறித்து வரலாம். மழைக்குப் பின் கார்த்திகையிலும் மார்கழியிலும் மீண்டும் அதே தரையில் நடந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். குனிந்து பார்க்கக் கற்ற குழந்தை, மிதிக்கத் தயங்கும் குழந்தையாக வளரும். அகிம்சை விரதத்துக்கு அதனினும் எளிய தொடக்கம் அரிது.

பிறக்கும் ஒவ்வொரு புழுவையும் ஒருவர் கையில் ஏந்திக் காத்துவிட முடியாது. குளவி கொள்வது பாதி, சிலந்தியும் ஓணானும் கொள்வது மீதி என்னும்படியே சிற்றுயிர்களின் வாழ்வு அமைந்துள்ளது. இல்லறத்தார்க்கு அணுவிரதம் வகுத்த பெரியோர், இயலாததை வேண்டினாரல்லர். வேண்டுமென்றும் வேண்டாமலும் செய்யும் கொலையைக் குறைத்துக்கொள்ளவே சொன்னார்கள். ஓர் உயிரைத் தூக்கிக் காப்பது சிலரால் இயலும். அது வாழும் இரண்டு முழத் தரையைக் கெடுக்காமல் விட்டுவிடுவது எல்லோராலும் இயலும். பொருள் ஈந்து செய்யும் தானம் ஒருவகை. ஒன்றும் செய்யாமல் விலகி நின்று, அஞ்சாமல் வாழ இடம் கொடுக்கும் அபயதானம் மற்றொரு வகை. அபயதானமே தானங்களுள் தலையாயது என்பது சான்றோர் கொள்கை.

வரும் மழைக்கு இக்கரிசல் மண்ணில் நெருஞ்சி மீண்டும் முளைக்கும். அதன் கொடியில் ஒரு பங்கேனும் காய்க்கும் வரை நிற்குமாயின், அங்கே நீலமும் நிற்கும். அதனை நிற்க விடும் அறிவும், அவ்வறிவின் வழிவந்த அருளும் இவ்வட்டாரத்து அறச்செல்வர் அனைவர்க்கும் பெருகுவதாக. எல்லா உயிரும் இன்புற்று வாழ்க.